மாரியம்மாளுக்கு ஓர் இலை

ராஸ் அல் கைமாவில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. பேரீச்சை மரம் இலையை உதிர்க்காது. காய்ந்த மட்டையைக்கூட ஆள் ஏறி வெட்டினால்தான் உண்டு. உதிர்வதெல்லாம் மலைப்பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் தூசிதான். அதற்குப் பருவம் கிடையாது. இருந்தாலும் வடஅமீரகத் தமிழ்ப் பண்பாட்டுப் பேரவை இந்த வருடம் 'இலையுதிர்கால நினைவேந்தல்' நடத்துவதென்று தீர்மானம் போட்டது. பேரவைத் தலைவர் விஜயபாஸ்கரின் மகள் கனடாவில் படிக்கிறாள். இறந்துபோனவர்கள் நினைவாக அங்கே யாரோ இலைக்கொரு பெயர் எழுதி மேப்பிள் மரம் போட்ட கேக் செய்திருந்த படத்தை அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். அந்த வாரமே பேரவைக்கு இலையுதிர்காலம் வந்துவிட்டது.

"ஒவ்வோர் இலையும் ஓர் ஆன்மா" என்று தலைவர் செயற்குழுவில் சொன்னார். ஆன்மாவைப் பற்றி யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. முட்டையைப் பற்றித்தான் ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. நினைவு கேக்கில் முட்டை சேர்க்கலாமா, செத்தவர்களில் பாதிப்பேர் சைவமாயிற்றே என்று துணைத்தலைவர் கேட்டார். மீதிப் பாதியின் உணர்வை யார் மதிப்பது என்று பொருளாளர் கேட்டார். கடைசியில் முட்டையில்லாத கேக் என்றும், சாப்பாட்டில் சிக்கன் என்றும் சமரசம் ஆயிற்று. செலவை ஒரு கார்கோ கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஊருக்குப் பெட்டி அனுப்புகிற கம்பெனி, உடலும் அனுப்பும். மரத்தின் அடித்தண்டில் கம்பெனி பெயரை எழுத வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது.

கேக் வேலை அகிலாவிடம் வந்தது. நக்கீல் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்துகொண்டு, வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவள். பிறந்தநாள், கல்யாணநாள், பிள்ளை பரீட்சை பாஸ் என்று எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறாள். இழவுக்குக் கேக் கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

சர்க்கரை மாவைத் தேய்த்து, ஆரஞ்சும் செங்காவியும் மஞ்சளும் ஏற்றி, அச்சில் இலை இலையாக வெட்டி, முட்டை அட்டையின் குழிகளில் காயப் போட்டிருந்தாள். குழியில் காய்ந்தால்தான் இலைக்கு வளைவு வரும். ஏசியை நிறுத்தினால் சர்க்கரை வேர்த்துவிடும் என்பதால் அந்த அறை குளிரில் விறைத்தது. அவள் புருஷன் அம்மையப்பன் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னடி இது, ஆமணக்கு எலையா?"

"மேப்பிள்ங்க. கனடாவுல நிக்குமாம்."

"ஆமணக்குதான். நம்ம காட்டு வரப்பு பூராம் நிக்கும். இதுக்குப் போயி கனடாவா?"

அம்மையப்பன் டைல்ஸ் பாக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். போன மாதம் நெஞ்சு வலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்து, இப்போது மெடிக்கல் லீவில் வீட்டில் இருக்கிறான். டியூட்டி இல்லாத ஆளுக்குப் பொழுது போகவில்லை. டிவி பார்ப்பான், கீழே பக்காலா மளிகைக்கடைக்குப் போய் மோர் வாங்கி வருவான், வெள்ளிக்கிழமை அம்மாவின் வாய்ஸ் மெசேஜுக்குக் காத்திருப்பான்.

அவன் அம்மா மாரியம்மாள் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவனுக்கு மட்டும் அது தெரியாது.

அவன் ஐசியூவில் சேர்ந்த மறுநாள் விளாத்திகுளம் பக்கத்து ஊரில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவன் அண்ணன் சிவசங்கரன் அகிலாவுக்குப் போன் போட்டு, "தாயி, இப்ப அவன்ட்டச் சொல்லிராத. ஒண்ணோட ரெண்டா போயிரும்" என்றார். சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்த பிறகு, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றார்கள். பிறகு தீபாவளி வந்தது. துக்க வீட்டில் தீபாவளி இல்லை. ஆனால் தீபாவளி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பான். அகிலா புதுச்சேலை கட்டி, பணியாரம் சுட்டு, அவனுக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டாள். டாக்டருக்குத் தெரியாமல் இரண்டு துண்டு கறியும் வைத்தாள்.

போனில் அம்மா பேசவில்லையே என்றதற்கு, காது மந்தமாகிவிட்டது, போன் பிடிக்கவில்லை, மெசேஜ்தான் அனுப்புவாள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒன்றாகப் பழைய மெசேஜைத் தேடி எடுத்து மூத்த மருமகள் அனுப்பினாள். அதில் கஷ்டமே இல்லை. மாரியம்மாள் எல்லா மெசேஜிலும் ஒன்றையேதான் சொல்லியிருந்தாள். சாப்பிட்டியா அய்யா, இங்க மழ இல்ல, உடம்பப் பாத்துக்க. செத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் விஜயபாஸ்கர் அகிலாவுக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, மரம் எப்படி வளருது?"

"எலை காயுதுண்ணே. பேரெல்லாம் எழுதிட்டேன்."

"ஒண்ணு கூட்டிக்கணும். மாரியம்மாள். உங்க மாமியார்தான். விளாத்திகுளத்துப் பையன் ஒருத்தன் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தான். நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே?"

அகிலா போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அம்மையப்பன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அவுகளுக்கு இன்னும் சொல்லல. ஸ்டென்ட் வச்ச ஆளு. அந்த எலை வேண்டாம்ணே."

"சொல்லலன்னு அந்தப் பையனும் சொன்னான். அதனாலதான் நான் யோசிச்சேன். வீட்டுக்குள்ள நீங்க ஒருத்தரா சொன்னா அவர் உடைஞ்சுபோவார். மேடையில, மெழுகுவத்தி வெளிச்சத்துல, நாம எல்லாரும் சுத்தி நின்னு சொன்னா அந்தத் துயரம் பகிரப்படும். பேரவை எதுக்கு இருக்கு? வீடியோவுக்கும் ஆள் சொல்லியிருக்கேன்."

"அண்ணே, அங்கன வச்சு நெஞ்சப் பிடிச்சுட்டா?"

"பொருளாளர் டாக்டர் முன்வரிசையிலதான் உக்காந்திருப்பார்."

"அவரு பல்லு டாக்டருல்லண்ணே?"

"டாக்டர் டாக்டர்தான் தங்கச்சி. நிகழ்ச்சி நிரல் அச்சாகிப் போச்சு. 'எதிர்பாராத அஞ்சலி'ன்னு தலைப்பு. இலையை உச்சிக்குக் கொஞ்சம் கீழ வைங்க. உச்சியில எங்க அம்மா இருக்காங்க."

சனிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. கேக்கை ஹாலுக்குக் கொண்டுபோகக் கார் ஓட்ட வேண்டியவனே அம்மையப்பன்தான். அகிலாவுக்கு இரண்டு வழிதான் இருந்தன. தான் சொல்ல வேண்டும், அல்லது மைக் சொல்லும்.

சிவசங்கரனுக்குப் போன் போட்டாள்.

"பெரியத்தான், இனி மறைக்க முடியாது. நீங்களே அவுகட்டப் பேசிருங்க."

"நானா? என்னத்தச் சொல்லுவேன் தாயி? ஆறு மாசம் போகட்டும். ஊருக்கு வரட்டும். வந்ததும் மெதுவாச் சொல்லிக்கிருவோம்."

"ஊருக்கு வந்தா அத்தை எங்கன்னு வாசல்லயே கேக்கமாட்டாகளா?"

"ஏர்போர்ட்டுல வச்சுச் சொல்லுவோம்."

"பெரியத்தான்."

"நீ சொல்லி அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் பொறுப்பு இல்ல, பாத்துக்க." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "கொள்ளி யாரு வச்சதுன்னு கேப்பான். தாய்க்கு எளையவன்தான வைக்கணும். அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"

அப்போதுதான் அகிலாவுக்கு விளங்கியது. தம்பியின் நெஞ்சைப் பற்றி மட்டும் அவர் பயப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஜுபைதா கேக் வேலைக்குக் கைகொடுக்க வந்தாள். எதிர் ஃப்ளாட்காரி, கீழக்கரைக்காரி. கேக் மேல் பழுப்புக் க்ரீமைக் கத்தியால் இழுத்து மரப்பட்டை மாதிரி ஆக்கிக்கொண்டே அகிலா எல்லாவற்றையும் சொன்னாள். ஜுபைதா தட்டில் சிந்திய க்ரீமை விரலால் வழித்து நக்கினாள்.

"இனிப்பு சாஸ்தி புள்ள. மவுத்தானவங்களுக்கும் சுகர் ஏத்தணுமா?"

"அக்கா, நான் என்னத்தச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க வாப்பா மவுத்தானதையும் எனக்கு ரெண்டு மாசம் சொல்லல. நான் அப்ப மாசமா இருந்தேன். வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. தெரிஞ்சப்ப அழுகை வரல. வெட்கந்தான் வந்துச்சு. ரெண்டு மாசமும் தொழுகையில, என் வாப்பாவுக்கு சீக்கிரம் சொகமாக்கிக் கொடு அல்லான்னு கேட்டிருக்கேன். கபுருக்குள்ள கெடந்த மனுசனுக்கு இருமல் நிக்கணும்னு கேட்டிருக்கேன் புள்ள. அதை எங்க உம்மா கேட்டுக்கிட்டே பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்க உம்மாவை என்னால மன்னிக்க முடியல."

அகிலாவின் கை நின்றுவிட்டது.

"மரத்தைப் பாரு, காயுது" என்றாள் ஜுபைதா.

சனிக்கிழமை காலை அகிலா மாரியம்மாள் பெயரை எழுதினாள். நல்ல செங்காவி நிற இலை. எழுதிவிட்டு அட்டையில் கவிழ்த்து வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிடுவது என்று முடிவு. ரசஞ்சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் வைத்தாள். அவன் சாப்பிட்டான். மாத்திரை போட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே கையைத் துடைத்துக்கொண்டு இலை அறைக்குள் போய்விட்டான்.

"சும்மா உக்காந்து உக்காந்து குண்டி மரத்துப்போச்சு. குடு, நான் தரம் பிரிச்சுத் தாரேன்."

டைல்ஸைப் பார்ப்பது போலவே பார்த்தான். இலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓரம் நெளிந்திருக்கிறதா, கீறல் விட்டிருக்கிறதா என்று நோட்டம் விட்டு, நகத்தால் மெல்லத் தட்டிக் காதில் கேட்டான்.

"இவரு ஃபர்ஸ்ட் குவாலிட்டி. இந்தம்மா ஓரத்துல சிப் இருக்கு, பின்னாடி வை. இது யாரு... விஜயபாஸ்கர் சாரு அம்மாவா? ரிஜெக்ட். காம்பு ஒடஞ்சிருக்கு."

"ஐயோ, அது உச்சியில வைக்கணும்ங்க."

"சரி, க்ரீமு போட்டு ஒட்டிரு. வெளிய தெரியாது. எல்லா டைல்ஸும் அப்பிடித்தான் போகுது." அவன் கை கவிழ்த்து வைத்த இலைக்கு வந்தது. "இது ஏன் குப்புறக் கெடக்கு?"

திருப்பினான். வாசித்தான்.

"அட, எங்கம்மா பேரு. யாரோட அம்மா இது?"

பொய் அவள் வாயருகிலேயே இருந்தது. எத்தனையோ மாரியம்மாள்கள் உண்டு. செக்யூரிட்டியின் அம்மா என்றால் நம்பிவிடுவான். சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.

"உங்கம்மாதாங்க."

அவன் இலையைக் கீழே போடவில்லை. அட்டையில் அதன் குழியிலேயே, நிமிர்த்தி வைத்தான். பிறகு பக்கத்திலிருந்த மாவு டப்பா மேல் உட்கார்ந்தான்.

"எப்ப?"

"நீங்க ஐசியூவுல இருந்தப்ப. தூக்கத்துலயே போயிட்டாக. கஷ்டப்படல."

"யாரு கொள்ளி வச்சா?"

"பெரியத்தான்."

"மொட்ட போட்டானா?"

"போட்டாக. பதினாறும் முடிஞ்சுருச்சு."

"அப்ப நேத்து வந்த மெசேஜு?"

"பழசுங்க. பங்குனியில அனுப்பினது."

"மழ இல்லன்னு சொல்லுச்சே."

அவன் தன் நெஞ்சின் மீது வைத்த கையையே அகிலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா? ஜுபைதாக்காவக் கூப்பிடவா? ஆம்புலன்சு..."

"வலிக்கல. சும்மா இரு." அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தீபாவளிக்குப் புதுச்சட்ட போட்டேனேடி. கறி தின்னேனேடி. நீதான வச்ச?"

"நாந்தான் வச்சேன்."

"வக்கிறப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல் அகிலா அங்கேயே நின்றாள். அழுது முடித்ததும் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடவில்லை, இருந்தாலும் சிவசங்கரனின் ஓலம் அறை முழுவதும் கேட்டது. இரண்டே நிமிடத்தில் ஆறுதல் சொல்லும் வேலை தம்பி தலையில் விழுந்தது.

"சரிண்ணே... சரி, அழுகாத. நீயும் பிள்ளைதான... யாரு வச்சா என்ன... நீ ஒனக்குப் பிரஷர் மாத்திர போட்டியா? மொதல்ல அதப் போடு."

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினான்.

"எங்கங்க போறீக?"

"கீழதான். நீ வராத."

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். தலையில் முடி இல்லை. மீசையும் இல்லை. கீழே சலூன்காரர் மலப்புரத்துக்காரர். மீசையையும் எடு என்றதும் எதற்கென்று கேட்காமலே எடுத்தாராம். காசும் வாங்கவில்லையாம். மீசையில்லாத புருஷனை அகிலா கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. யாரோ வீட்டுப் பையன் மாதிரி இருந்தான்.

"குளிச்சிட்டு வாரேன். கேக்க எடுத்து வை. எலைய உரிய எடத்துல ஒட்டு."

"போகணுமாங்க?"

"எங்கம்மாவப் பத்தி மைக்குல பேசப் போறாக. பிள்ள நான் இல்லாமயா?"

ஹால் நிறைந்திருந்தது. கூட்டம் காட்ட வேண்டியிருந்தால் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஒரு பஸ் ஆட்களை ஏற்றி வருவது பேரவையின் வழக்கம். பின்வரிசைகள் அவர்களுக்கு. கூரையிலிருந்து காகித இலைகள் தொங்கின. கார்கோ முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பல் டாக்டர் முன்வரிசையில், நிலைமைக்குத் தயாரான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பெரிய மேஜை மேல் கேக். ஜுபைதாவும் அகிலாவும் பக்கத்தில் நின்றார்கள்.

இலக்கியம், தத்துவம், கனடா ஆகிய மூன்றையும் தொட்டுவிட்டு விஜயபாஸ்கர் விஷயத்துக்கு வந்தார். விளக்குகள் மங்கின.

"அன்பர்களே! நம்மிடையே ஒருவர் அமர்ந்திருக்கிறார். தன் வாழ்வின் ஆணிவேர் சாய்ந்ததை அறியாமலேயே அவர் நம்மோடு சிரித்துப் பேசி..."

"தெரியும் சார்."

மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது. பாக்டரியில் மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. அம்மையப்பன் எழுந்து நின்றான். வீடியோக்காரன் லைட்டைத் திருப்பினான். மழித்த தலை பளிச்சென்றது.

தலைவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். அடுத்த பக்கத்திலும் அவனுக்குத் தெரியாது என்றே இருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் அவன் மயங்கிச் சாய்வதற்கான இடைவெளி விட்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கம்மா பேரு மாரியம்மாள்" என்றான் அம்மையப்பன். "காட்டு வேலைதான் பாத்தாக. எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சாக. எனக்கு இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும். வீட்டுல சொன்னாக. அவ்வளவுதான் சார். நீங்க நடத்துங்க."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது கேக் வெட்டுவது. அவசரமாக விளக்கைப் போட்டார்கள். கார்கோ முதலாளி ரிப்பன் கட்டிய கத்தியை எடுத்து மரத்தின் நடுவில் வைத்தார்.

"சார், சார்... அது எங்கப்பா" என்றாள் முன்வரிசையில் ஒரு நர்ஸ்.

அவர் கத்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அங்க எங்கண்ணன் இருக்கான் சார்" என்றது இன்னொரு குரல்.

இன்னும் தள்ளினார். அங்கே துணைத்தலைவரின் மாமனார். ஆன்மாவையும் முட்டையையும் ஆலோசித்த செயற்குழு, கேக் என்றால் வெட்டுவார்கள் என்பதை ஆலோசிக்கவில்லை. முதலாளி கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். முதலில் அந்த நர்ஸ்தான் வந்து, அப்பாவின் இலையை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி எடுத்து டிஷ்யூவில் சுற்றிக்கொண்டாள். பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வரிசை இல்லை, அறிவிப்பு இல்லை. அவரவர் ஆளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். உச்சியில் தாயைத் தேடிய விஜயபாஸ்கரின் கையில் இலை வந்தது. காம்பு க்ரீமிலேயே நின்றுவிட்டது. சற்று நேரத்தில் கனடாவில் நடப்பது ராஸ் அல் கைமாவிலும் நடந்து முடிந்தது. மொட்டை மரமும், அடித்தண்டில் கார்கோ கம்பெனி பெயரும், செங்காவியில் ஒரே ஓர் இலையும் மட்டும் இருந்தன.

"இப்ப வெட்டலாமா?" என்று முதலாளி கேட்டார்.

அகிலா அதைக் கேட்கவில்லை. புருஷன் போய் ரொம்ப நேரமாகிவிட்டது. "அக்கா, பாத்துக்கங்க" என்று ஜுபைதாவிடம் சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடினாள். போகும்போதுதான் கவனித்தாள், ஹாலின் பின்வரிசைகள் காலியாகக் கிடந்தன. சாப்பாடு இன்னும் போடவில்லை. ஆனால் கேம்ப் ஆட்கள் ஒருவரும் இல்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் காற்று சிலுசிலுவென்று வந்தது. நடைபாதை விளிம்பில் அம்மையப்பன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் பத்திருபது பேர் வரிசையாக நின்றார்கள். தெற்குச் சீமையில் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிறவன் வாயால் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவான். துக்கக்காரன் அதைத் தொட்டுவிடுவான். வந்தவன் ஒதுங்கிப்போய் ஓரமாக உட்காருவான். அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கம்பி கட்டுகிறவர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள், பாதிப்பேர் அவனுக்கு முன்பின் தெரியாதவர்கள். மழித்த தலையையும் மீசையில்லாத வாயையும் பார்த்ததும் எழுந்து வந்தவர்கள். முறை தெரியாத ஒரு தஞ்சாவூர்ப் பையன் மட்டும் குலுக்குவதற்கு ஒற்றைக் கையை நீட்டினான்.

"ரெண்டு கையிடா" என்றான் பின்னால் நின்றவன்.

ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டிருந்தான் அம்மையப்பன். மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது. அகிலா கிட்டே போகாமல், காரில் சாய்ந்து நின்றாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு விஜயபாஸ்கர் வந்தார். பின்னாலேயே வீடியோக்காரன். "அம்மையப்பன், குரூப் போட்டோவுக்கு..." என்று ஆரம்பித்தவர் வரிசையைப் பார்த்து நிறுத்தினார். அவர் சங்கரன்கோவில்காரர், அது என்ன வரிசை என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அம்மா போனது கொரோனா காலத்தில். விமானம் இல்லை. அவரும் கொள்ளி வைக்கவில்லை. அவரிடமும் யாரும் கையை நீட்டவில்லை; வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடுகிற படங்கள்தான் வந்தன.

வீடியோக்காரன் லைட்டைப் போட்டான். "ஆஃப் பண்ணுப்பா" என்றார்.

இலை ஒரு கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவனுக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்ததும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். விரலெல்லாம் பழுப்புக் க்ரீம்.

அம்மையப்பன் தொட்டான். மற்றவர்களைத் தொட்டதுபோல உடனே விட்டுவிடவில்லை. பிறகு கொஞ்சம் நகர்ந்து, நடைபாதையில் தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டான்.

"உக்காருங்க சார்" என்றான். "இன்னும் ஆள் நிக்கிது."

அடுத்து நின்றவன் கையை நீட்டிக்கொண்டு, இவர்களில் யாரிடம் முதலில் நீட்டுவது என்று யோசித்தான். பிறகு இரண்டு பேரிடமும் நீட்டினான்.